குளத்தோடு சேர்த்து வேலியையும் கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வீடு-மனை இணைப்பில் கோவையைச் சுற்றி நீச்சல் குளத்தோடு கட்டப்படும் தனி வீடுகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நீல டைல்ஸ், ஓரத்தில் செடிகள், சாய்வு நாற்காலி என்று படங்கள் எல்லாம் அழகாகவே இருந்தன. ஆனால் எந்தப் படத்திலும் குளத்தைச் சுற்றி வேலி இல்லை, கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. வடவள்ளி தாண்டி எங்கள் வீட்டில் சில வருடங்களாகக் குளம் இருக்கிறது, அதனால் நல்லது கெட்டது இரண்டும் எனக்குத் தெரியும்.

குளம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் மாமனார் காலத்து ஆண்கள் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கிணறு கிடையாது, மேட்டில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இப்போது அந்தக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரும் இல்லை. நான் நீச்சல் பழகியது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, எங்கள் வீட்டுக் குளத்தில். யார் பார்ப்பார்கள், என்ன உடை போடுவது என்ற கவலை இல்லாமல் தண்ணீரில் மல்லாந்து மிதக்கும்போது கிடைக்கும் நிம்மதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் மகளும் நாத்தனார் பெண்களும் அங்கேதான் பழகினார்கள். மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாத என் மாமியார் மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், அந்த ஆழத்தில் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குப் பாரம் தெரிவதில்லை. சித்திரையில் கத்திரி வெயில் கொளுத்தும்போது சாயங்காலம் மொத்தக் குடும்பமும் தண்ணீரில்தான், செல்போன் ஒன்றுகூட யார் கையிலும் இருக்காது.

சரி, இப்போது வேலையைப் பற்றி. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். குளமும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று இருக்கிறதே, காலையில் வலை போட்டு இலை, தூசி எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்தால் மதியத்துக்குள் வேப்பிலையும் புங்க இலையும் மறுபடி மிதக்கும். இலையை விட்டுவைத்தால் அது மக்கி, குளோரினைத் தின்றுவிடும், அடுத்து பாசி பிடிக்கும், படிக்கட்டு வழுக்கும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பிஎச் 8-ஐத் தொட்டுவிட்டால் எவ்வளவு குளோரின் போட்டாலும் அதில் பெரும்பகுதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்காது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது, சிறுவாணித் தண்ணீரைக் குளத்தில் ஊற்ற எனக்கு மனசு வராது, ஊற்றவும் கூடாது. போர் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரையும் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து டைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், பிஎச்சும் ஏறும். அதற்குப் பதிலாக மாத்திரையாக வரும் குளோரினைப் போடலாம் என்றால், அதோடு சேர்ந்து வரும் சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிக்கொண்டு போகப்போகக் கூடும், அளவு மிஞ்சினால் குளோரின் மந்தமாகிவிடும். அதைக் குறைக்க நடைமுறையில் ஒரே வழி, பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவது. ஆக எதைப் போட்டாலும் குளோரினையும் பிஎச்சையும் அளந்து பார்க்கும் சோதனைப் பெட்டி கையில் இல்லாமல் போடக்கூடாது, அதன் விலை பெரிதல்ல.

குளத்தில் மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால், குளோரின் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். உண்மையில் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடை, கண் சிவப்பதும் அதனால்தான். அப்போது குளோரின் கூடுதலாகத் தேவைப்படும். இறங்குவதற்கு முன் எல்லோரும் குளித்துவிட்டு இறங்க வேண்டும் என்று நாங்கள் விருந்தாளிகளிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறோம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் சொந்தக்காரர்களிடமும் சொல்லத்தான் வேண்டும்.

மருந்துகளை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஎச்சைக் குறைக்கப் போடும் ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் ஒரே அலமாரியில் வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய மோட்டார் ரூமில் அது உயிரை எடுத்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் அள்ளிய ஈரக் கரண்டியை மாத்திரை டப்பாவுக்குள் விட்டால் தீப்பிடிக்கவே வாய்ப்பு உண்டு. மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. பராமரிப்புக்கு வரும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கையுறைகூட இல்லாமல்தான் வேலை செய்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைக்கிற நாம்தான் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அக்கம்பக்கத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது நம் வீட்டில் குளம் இருப்பது உறுத்தத்தான் செய்யும், உறுத்தவும் வேண்டும். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரியாக 4 அடி ஆழம் என்று வைத்தால் சுமார் 32,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட மூன்று லோடு. ஒருமுறை நிரப்பினால் ஒழுங்காகப் பராமரித்து வருடக்கணக்கில் ஓட்டலாம், மாதாமாதம் மாற்றுகிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் கோடையில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும், இந்த அளவுக் குளத்தில் அது நாளுக்கு 150 லிட்டர் சுமார். ராத்திரி மூடி வைத்தால் நிறையக் குறையும். அதற்கு மேல் குறைகிறதா, டைல்ஸ் இடுக்கில் கசிகிறதா என்று தெரிய, ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி குளத்தின் படியில் வைத்து, இரண்டு நாள் கழித்து வாளியிலும் குளத்திலும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது, ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் போகும். குளோரின் அடங்கிய பிறகு மரங்களுக்கு விடலாம் என்பதால் நாங்கள் அதைத் தனித் தொட்டியில் பிடித்து வைக்கிறோம். மின்சாரத்தைச் சொன்னால், 1 குதிரைத் திறன் பம்பு தினம் ஆறேழு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 350, 400 யூனிட் கூடும், அதோடு கட்டண ஸ்லாபும் ஏறும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எந்த வீட்டுக் குளத்தையும் நிரப்ப நியாயம் இல்லை. அந்த நிலை இங்கே வந்தால் எங்கள் குளமும் காலியாகக் கிடக்கும். கடற்கரை ஓரம் நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருக்கும் இடங்களில் மட்டும் மழைக்காலத்தில் காலி செய்துவிடாதீர்கள், அடியில் உள்ள நீரின் அழுத்தம் காலிக் குளத்தை அப்படியே மேலே தூக்கிவிடும்.

பாதித் தண்ணீரோடு கைவிட்டுப் பூட்டிவிட்டுப் போன குளங்கள்தான் இன்னும் மோசம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் போதும், அந்தக் கொசு நம் மதில் சுவரைப் பார்த்து நிற்காது. அப்புறம், 2024-லும் 2025-லும் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் பலர் இறந்த செய்திகளைப் படித்ததிலிருந்து எங்கள் தெருவில் பலருக்குக் குளம் என்றாலே பயம். பயப்பட வேண்டியது குளோரின் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீருக்கு. அந்த அமீபா வாய் வழியாக அல்ல, மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, குளோரின் அளவு சரியாக இருக்கும் குளத்தில் அது பிழைக்காது. சோதனைப் பெட்டியை வலியுறுத்தி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வேலிக்கு வருகிறேன், மேலே எழுதிய அத்தனையையும்விட இதுதான் முக்கியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள், அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. நம் ஊரில் அது பெரும்பாலும் கிணறு, குட்டை, ஆறு என்று நடக்கிறது. வீட்டுக் குளங்கள் பெருகப் பெருக அங்கேயும் நடக்கும். குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தும், கையை அடிக்கும், சத்தம் கேட்டு ஓடிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சின்னக் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும், அதற்குச் சில நிமிடங்கள்கூடத் தேவையில்லை. அதுவும் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் மட்டும் நடப்பதில்லை. காதுகுத்து, சீர், பிறந்த நாள் என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது, பாட்டி பார்த்துக்கொள்வார் என்று அம்மா நினைக்க, அம்மாவிடம் இருக்கிறது என்று பாட்டி நினைக்க, குழந்தை பொம்மையை எடுக்கக் குளத்துப் பக்கம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்னார்தான் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி ஒருவரை நிறுத்துகிறோம், அவர் சாப்பிடப் போகும்போது இன்னொருவர் வந்து நின்ற பிறகே போவார்.

அதெல்லாம் இருந்தாலும் ஆள் அசந்துபோவது இயற்கை, வேலி அசராது. நாலு பக்கமும் வேண்டும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர், அதில் ஹாலிலிருந்து குளத்துக்கு ஒரு கதவு என்று வைத்தால் குழந்தைக்கு அது வேலியே இல்லை. குறைந்தது 4 அடி உயரம், ஏற முடியாத நேர்க்கம்பிகள், தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கேட், அதுவும் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறப்பது, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். பக்கத்தில் பூந்தொட்டியோ நாற்காலியோ வைக்கக்கூடாது, ஏறிவிடுவார்கள். குமிழ் குமிழாக மிதக்கிற பிளாஸ்டிக் விரிப்பை வேலிக்குப் பதிலாக நினைக்கக் கூடாது, அதன்மேல் கால் வைத்த குழந்தை அடியில் போய்விட்டால் மேலே இருந்து தெரியக்கூடத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1992-லிருந்தே வீட்டுக் குளங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் குளத்தைப் பரிசோதித்த சான்றிதழ் கேட்கிறார்கள். பிரான்ஸ் 2003-ல் சட்டம் கொண்டுவந்து, வேலி, அலாரம், பாதுகாப்பு மூடி, கூண்டு இவற்றில் ஒன்றாவது இல்லாமல் தரையில் தோண்டிய வீட்டுக் குளம் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2002-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தொட்டியின் அடியிலுள்ள வடிகால் உறிஞ்சியதில் மாட்டிக்கொண்டு இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் சட்டம் வந்து, வடிகால் மூடிகளின் வடிவமைப்பே மாறியது. நம் ஒப்பந்ததாரர்களிடம் அடியில் ஒற்றை வடிகாலா இரட்டையா, மூடி உறிஞ்சிப் பிடிக்காத வகையா என்று கேளுங்கள், விளக்குகள் 12 வோல்ட்டா, பம்பு லைனில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்கியபோது குளத்தின் அளவைக் கேட்டார்கள், வேலியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. செப்டிக் டேங்குக்கு மூடி இருக்கிறதா, மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி சேர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. பெரிய செலவும் இல்லை, குளத்துக்கு ஆகும் பணத்தில் வேலிக்கு ஆவது சின்னப் பங்குதான். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும், பழைய குளங்களுக்கும் கால அவகாசம் கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூழ்கிய குழந்தையைத் தூக்கியவுடன் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தலைக்கு மேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் இன்னும் நம் ஊரில் நடக்கிறது, அதில் போகும் ஒவ்வொரு நொடியும் திரும்பக் கிடைக்காத நொடி. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அடுத்து நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அன்றைக்கு ஒரு மருத்துவரைக் கொண்டு இந்த முறைகளைப் படத்தோடு அரைப் பக்கம் எழுதி வெளியிடுங்கள். வெட்டியெடுத்து மோட்டார் ரூம் கதவில் ஒட்டும் அளவில், பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை.