யார் செலவில் இந்தப் பதினாறு வயது?

பெசன்ட் நகர்,
சென்னை - 90

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுச் சித்திரை வீதி முனை வரை தனியாக நடந்து போய் வந்தாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. ஆனால் படுக்கையில் இருக்கும் நாட்களில் பொழுது போகட்டும் என்று நான் சொல்லிவைத்த நகைச்சுவைத் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். போதாக்குறைக்கு, "காசு கொழுத்த ஐம்பது வயதுக்காரர்கள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து புலம்புகிறார்கள், இதில் சிரிக்க என்னடி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி வேறு. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிட்டுப் போகிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ நிறுத்திய இடம் கோடைப் பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் என் பொறுமையும் அங்கேதான் சோதிக்கப்பட்டது. 2025 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஃபோர் சீசன்ஸ்' தொடரின் அமைப்பே கொஞ்சம் நிதானமானது. மூன்று தம்பதியர், பல காலப் பழக்கம், ஆண்டுக்கு நான்கு முறை சேர்ந்து விடுமுறைக்குப் போகிறார்கள். பருவத்துக்கு இரண்டு அத்தியாயம் வீதம் முதல் பாகத்தில் மொத்தம் 8. பின்னணியில் ஓடுகிற, இதே பெயருள்ள விவால்டியின் இசை முதன்முதலில் அச்சேறியது 1725-இல் என்பதால், தொடர் வந்த ஆண்டு அதற்குச் சரியாக 300 வயது. (வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று அவர்கள் பிரித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம் சென்னைக்கு வெயில், வெள்ளம் என்று இரண்டே பருவங்கள்.) ஆலன் ஆல்டா எழுதி, இயக்கி, நடித்து 1981-இல் வெளிவந்த திரைப்படத்தைத்தான் டினா ஃபேயும் அவருடைய கூட்டாளிகளும் தொடராக விரித்திருக்கிறார்கள். அதே ஆல்டா, 89 வயதில், தம்பதியரில் ஒருத்தியான ஆனின் தந்தையாகச் சில நிமிடங்கள் வந்து போகிறார். இளமையைத் தேடி அலைகிறவர்களுக்கு நடுவே உண்மையான முதுமை எந்த அலட்டலும் இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கதையின் ஆணிவேர் நிக். ஸ்டீவ் கரெல் நடித்திருக்கிறார். ஏரிக்கரையில் சொந்த வீடு, 25 ஆண்டுக் குடும்ப வாழ்க்கை, கல்லூரியில் படிக்கும் மகள், எதற்கும் குறைவில்லை. நண்பர்கள் எல்லோரும் ஏரி வீட்டில் கூடியிருக்கும்போது, மனைவியை விட்டுப் பிரியப் போகிறேன் என்று அவர்களிடம் சொல்கிறான். அதே வார இறுதியில் அவனுக்குத் தெரியாமல் மனைவி ஆன் மணநாள் விழா ஒன்றை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். தோட்டத்தில் நாற்காலி போட்டு, விருந்தினரை வரவழைத்து, மறுபடியும் உறுதிமொழி சொல்லிக்கொள்ள வேண்டும் என்று. விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. நீ இதைப் புலம்பல் என்கிறாய். எனக்கோ சிரிப்பும் வந்தது, சிரித்ததற்காகக் கூச்சமும் வந்தது. அடுத்த பருவத்தில், முப்பதுகளில் இருக்கும் ஜின்னி என்ற பெண்ணோடு நிக் வந்து நிற்கிறான். அவள் தேர்ந்தெடுத்த இயற்கை விடுதியில், வசதி பழகிய இந்தக் கூட்டம் முதுகு வலியோடு புரள்கிறது. நிக்கின் முகத்தில் மட்டும் புது மாப்பிள்ளைக் களை. நீ சலித்துக்கொண்டு அணைத்தது இந்த இடம்தானே?

உன் சலிப்புக்குக் காரணம் இந்த மனிதர்களை நீ திரையில்தான் பார்க்கிறாய் என்பதாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரருடைய நண்பர் குழாமை உனக்குத் தெரியும் அல்லவா? ஆடிட்டர், அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர், கட்டுமானத் தொழிலில் கொடி நாட்டியவர், எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஞாயிறு விடிந்தால் ஈ.சி.ஆர். சாலையில் மிதிவண்டிப் பயணம். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, இறகு போல எடையில்லாத வண்டி, கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பு. ஆடிட்டர் முதன்முதலில் வாங்கிய மாருதி காரைவிட இந்த மிதிவண்டியின் விலை அதிகம் என்று அவரே பெருமையாகச் சொல்கிறார். இவர் மட்டும் வண்டி ஓட்டுவதில்லை. காரில் போய்க் கோவளத்தில் இட்லி சாப்பிடும் கட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். அந்த வகையில் எனக்கு வாய்த்தவர் விவேகி.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மிதிவண்டிகளுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடிட்டரின் பெரிய கார் ஊர்ந்து வந்தது. தண்ணீர், வாழைப்பழம், மாற்றுச் சக்கரக் குழாய், வலி நிவாரணக் களிம்பு எல்லாம் அதில்தான் இருந்தன. ஓட்டுநர் திருப்போரூருக்கு அப்பால் இருந்து வருகிற பையன், வயது 23. இட்லிக்காக எல்லோரும் உள்ளே போன பிறகு, அவன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். தூக்கமில்லையா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கெல்லாம் வண்டி எடுக்கணும்மா. அந்நேரத்துக்கு எங்க ஊர்ல இருந்து பஸ் கிடையாது. சனிக்கிழமை நைட்டே பார்க்கிங்ல படுத்துக்குவேன்," என்றான். பிறகு, கேட்காமலே, தன் ஊர் கிரிக்கெட் அணியில் தான்தான் முதல் ஓவர் வீசுகிறவன் என்றும், ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என்றும், இப்போது வேறொரு பையனைச் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, சம்பளம் தாராளம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான். 59 வயதுக்காரர் இரண்டு மணி நேரம் இளைஞராக இருப்பதற்கு, 23 வயதுப் பையனின் சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும் செலவாகின்றன. அந்தத் தொடரை நான் விடாமல் பார்த்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அம்பத்தூர்க்காரர் கதை இத்தனை கடுமையானதில்லை, வேடிக்கையானது. ராணுவத்தின் தேவைக்காக 1955-இல் இதே சென்னையில் பூட்டத் தொடங்கப்பட்டு, பிறகு திருவொற்றியூரின் அடையாளமாகவே ஆகிவிட்ட புல்லட் மோட்டார் சைக்கிள் மேல் அவருக்குக் கல்லூரி நாளிலிருந்து மோகம். அந்நாளில் அது போலீஸ்காரருக்கும் மிராசுதாருக்கும் உரிய வண்டி, பட்டறைத் தொழிலாளியின் மகனுக்குக் கனவில்கூட இடமில்லை. இப்போது போர்டிகோவில் மூன்று நிற்கின்றன. மூன்றையும் துடைக்கிறார், கிளப்பி ஓசையைக் கேட்கிறார், தெருமுனை வரை போய்த் திரும்புகிறார். இடுப்பு ஒத்துழைப்பதில்லை. இவரைப் பார்த்து எனக்குக் கோபமே வருவதில்லை, ஏனென்றால் தான் ஏங்கியதைத் தன் காசில் வாங்கிக்கொண்டார், வேறொருவரிடமிருந்து எடுக்கவில்லை. நிக் இவரைப் போல மூன்று வண்டி வாங்கி நிறுத்தியிருந்தால் தொடரே இருந்திருக்காது.

இனி இலையுதிர்காலப் பகுதி. நீ பார்க்காத பகுதி என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, நாவலில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. பெற்றோர் கல்லூரிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும் வார இறுதி. நிக்கின் மகள் லைலா ஒரு நாடகம் எழுதி மேடையேற்றுகிறாள். அப்பாவும், அம்மாவும், ஜின்னியும், நண்பர்களும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடையில் நடப்பது அவர்கள் வீட்டுக் கதை. பெயரை மாற்றினால் போதுமா? எல்லோருக்கும் புரிகிறது. கரெல் அந்த இடத்தில் வசனமே பேசாமல் நடித்திருப்பதைப் பார். எழுந்து போகவும் முடியாது, கை தட்டாமல் இருக்கவும் முடியாது. நாடகம் அப்படியொன்றும் நன்றாக எழுதப்பட்டதில்லை, இளம்பிள்ளையின் ஆத்திரம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அதனாலேயே சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று உறைக்கிறது. அப்பன் இருபது வயது குறைந்தவனைப் போலத் திரிகிற அந்த மாதங்களில், மகள் ஒரே வீச்சில் வயதானவளாக ஆகியிருக்கிறாள். தீர்ப்பு சொல்கிற வேலை, அம்மாவுக்காகப் பரிகிற வேலை, வெட்கப்படுகிற வேலை எல்லாம் அவள் தலையில் விழுந்திருக்கின்றன.

நீ பாரதச் சொற்பொழிவுகளுக்குத் தவறாமல் போகிறவள், யயாதியை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சுக்கிராசாரியாரின் சாபத்தால் மூப்படைந்தவன், மூத்த பிள்ளைகளிடம் இளமையைக் கடன் கேட்டு, அவர்கள் மறுத்து, கடைசியில் சர்மிஷ்டையின் இளைய மகன் புரு கொடுத்த இளமையில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தான். நெய்யை ஊற்றினால் நெருப்பு அடங்குமா என்று அவன் பிற்பாடு தெளிந்ததைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த ஆயிரம் ஆண்டுகள் நரைத்த தலையோடு புரு எங்கே உட்கார்ந்திருந்தான், என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று உபந்நியாசம் செய்கிறவர்கள் யாரும் நின்று சொல்லி நான் கேட்டதில்லை. லைலாவின் நாடகத்தைப் பார்த்தபோது, புருவுக்கு ஒரு மேடை கிடைத்தால் இதைத்தான் செய்திருப்பான் என்று தோன்றியது. யயாதியாவது வாய்விட்டுக் கேட்டு வாங்கினான். நிக் கேட்கவே இல்லை.

இத்தனை பாராட்டிய பிறகு என் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். பனிக்காலப் பகுதியில் ஜின்னியின் இளவயது நண்பர்களுக்கு நடுவே நிக் படும் பாடு அருமையாக வந்திருக்கிறது. அவர்கள் அவனை வெறுக்கவில்லை, மரியாதையாகவே நடத்துகிறார்கள், அந்த மரியாதைதான் அவனுக்கு அடி. இவ்வளவு நன்றாகக் கொண்டு வந்தவர்கள், புத்தாண்டுச் சமயத்தில் ஒரு சாலை விபத்தில் அவனைச் சாகடித்துவிடுகிறார்கள். 1981 திரைப்படத்தில் அவன் சாவதில்லை. இறுதிச் சடங்கை ஒட்டி ஜின்னி கருவுற்றிருப்பது தெரிய வருகிறது. பலர் இதைத் துணிச்சலான திருப்பம் என்பார்கள், நான் இதைத் தப்பித்தல் என்கிறேன். அவன் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசி. ஐம்பத்தைந்துக்கு மேல் கைக்குழந்தை, நள்ளிரவில் பால் புட்டி, பள்ளிக்கூட வாசலில் "தாத்தா வந்திருக்கிறார்" என்கிற ஆசிரியை, அறுபதுகளின் நடுவில் மூட்டு வலி, அப்போதும் நாற்பதுகளில் இருக்கும் ஜின்னி. உண்மையான நகைச்சுவை அங்கேதான் காத்திருந்தது. கடனைத் திருப்பிக் கட்டுகிற அந்தக் காலத்தைத்தான் எழுத்தாளர்கள் அவனுக்குத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். யயாதிகூட வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனான். நிக்கின் பாக்கி முழுவதும் ஆன், லைலா, ஜின்னி, பிறக்கப் போகும் குழந்தை என்று பிரிந்து விழுகிறது. எல்லோரும் அழுகிறார்கள், அவன் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போகிறது.

டேனி என்ற இன்னொரு நண்பனையும் சொல்லாமல் விடக் கூடாது. இதயத்தில் கோளாறு, அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொல்லியும் தள்ளிப் போட்டுக்கொண்டு பயணம் போகிறவன். கோல்மன் டொமிங்கோ பிரமாதமாகச் செய்திருக்கிறார். உன் முழங்காலை நீ எத்தனை காலம் தள்ளிப் போட்டாய் என்று நினைத்துக்கொண்டு பார், சிரிப்பு வரும்.

ஆனின் தோட்ட விழாவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆடிட்டருக்கு வருகிற தையில் அறுபது நிறைகிறது. அவர் மனைவி திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்திக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஆடிட்டருக்கோ அழைப்பிதழில் வயது அச்சாகக் கூடாதாம்! அறுபதாம் கல்யாணத்துக்கு வயதைப் போடாமல் எப்படி அழைப்பிதழ் அடிப்பது என்று அந்த அம்மாள் என்னிடம் வந்து முறையிட்டார். காலன் கயிற்றை வீசியபோது சிவன் எட்டி உதைத்து மார்க்கண்டேயனை என்றும் பதினாறாக வைத்த தலம் அது, அங்கே போய் அறுபதைக் கொண்டாடுவதில் உங்கள் கணவருக்கு நட்டமில்லை, மார்க்கண்டேயன் யாருடைய இளமையையும் பிடுங்கிக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினேன். எந்த அளவு அவர் காதில் ஏறியதோ தெரியவில்லை. கூடவே, அன்றைக்கு வண்டி ஓட்டுகிற பையனுக்கு முந்தின இரவு நல்ல அறை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்குத் தலையாட்டியிருக்கிறார்.

உனக்கும் அழைப்பு வரும். திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் வந்துவிடு, நாங்கள் சென்னையிலிருந்து அங்கே வந்து இறங்கிக்கொள்கிறோம், திருக்கடையூருக்குக் காரில் சேர்ந்து போகலாம். அதற்குள் மிச்ச அத்தியாயங்களைப் பார்த்து முடித்திரு. நிக்கைச் சாகடித்தது சரிதான் என்று நீ வாதாடுவாய் என எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சண்டையை நேரில் போட வேண்டும், இவரையும் ஆடிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
ருக்மணி