முப்பத்தொன்றேகால் ரூபாய்

காட்பாடி,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தையும் நலமா? போனில் பேசி நான்கு நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் கோபம் வந்து மடித்து வைத்தாலும், மறுநாள் எடுத்துப் படிப்பாய்.

அந்தக் கல்யாண பிளவுஸ் விஷயம்தான். ஆரி ஊசியால் கையாலேயே பூவேலை போட்டுத் தர நீ 4,500 ரூபாய் சொன்னாய். கேட்டு வந்த அம்மாள், தெரிந்த இடத்தில் 2,000க்கே ஆரி வேலை செய்து தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாராம். உடனே நீ 2,800க்கு இறங்கிவிட்டாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லைம்மா, வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, அப்பாவின் பழைய ரயில்வே டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

நீ சொன்ன எண்கள்தான். கல், மணி, ஜரிகை, பட்டு நூல், ஜர்தோசி எல்லாம் சேர்த்து 1,050. தையற்காரருக்கு 500. மிச்சம் 1,250. குழந்தை பள்ளிக்கூடம் போனபின் தினமும் ஐந்து மணி நேரம், எட்டு நாள் என்றாய். நாற்பது மணி நேரம். வகுத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு 31 ரூபாய் 25 காசு வருகிறது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். அதேதான் வந்தது.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் வைத்திருந்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு 42 ஆகிறது. ஏரிக்கரையில் மண் வெட்டுவதைக் குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நின்று பார்த்தால்தான் அது தெரியும். ஆனால் அந்தக் கூலிக்கும் கீழே நீயாகவே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாய். போன மாதம் நம் வீட்டுப் பின்சுவர் பூச வந்த கொத்தனார் ஒரு நாளைக்கு ஆயிரம் வாங்கினார். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே, எழுநூறுக்கு வாருங்கள்" என்று அவரிடம் கேட்க நமக்கு வாய் வந்ததா? நீ முதலில் சொன்ன 4,500ஐ வைத்துப் பார்த்தாலும் மணிக்கு 75 ரூபாய்கூட வரவில்லை. அதைத்தான் அந்த அம்மாள் அநியாய விலை என்கிறார்.

அந்த நாற்பது மணி நேரத்திலும் எல்லாம் வந்துவிடவில்லை. போன தடவை உன் வீட்டில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ட்ரேஸ் பேப்பரில் மாங்காய் வரைந்தாய். கோட்டின்மேல் ஊசியால் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டாய். மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணியில் தொட்டுத் தேய்த்தாய். பேப்பரை எடுத்ததும் பட்டின்மேல் மாங்காய் கோலம்போல விழுந்தது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாய். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் தையல். வலது கை மேலே, இடது கை துணிக்கு அடியில். அடியிலிருந்து நூலைக் கொடுக்க, மேலே ஊசி கொக்கிபோட்டு எடுக்க, சங்கிலி சங்கிலியாக ஓடியது. ஒரு இடத்தில் பட்டு சுருங்கிவிட்டது என்று அரை மணி நேரம் போட்டதைப் பிரித்தாய். இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதினாய்? வாட்ஸ்அப்பில் இருபது டிசைன் கேட்டுவிட்டுக் கடைசியில் முதல் டிசைனையே பிடித்தவரோடு போன நேரம் எந்தக் கணக்கு?

இனி என் கதை. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் ஒயர் கூடை பின்னுவேன் என்று உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடையே நான் போட்டதுதான், சிவப்பும் வெள்ளையும், நெல்லிக்காய் முடிச்சு. நீ பிறப்பதற்கு முன்பு, ரயில்வே குடியிருப்பில் இருந்த காலத்தில் விற்கவும் செய்தேன். வட ஆற்காடு மாவட்டத்தை 1989இல் இரண்டாகப் பிரித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். (உன் தாத்தா அதற்குப் பிறகும் கடைசிவரை விலாசத்தில் "வட ஆற்காடு" என்றுதான் எழுதினார். தபால்காரர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.) மூன்று ரோல் கூடைக்கு ஒயரும் கைப்பிடியும் சேர்த்து 28 ரூபாய் ஆகும். நான் 35க்குக் கொடுப்பேன். அப்பாவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மேலே கிடைக்கிற ஏழு ரூபாய் எனக்குப் பூ வாங்க. "கை வேலைக்காரி, ஆனால் காசு ஆசை இல்லாதவள்" என்று குடியிருப்பே பேசும். அந்தப் பேச்சு எனக்கு இனிப்பாக இருந்தது.

பின் தெருவில் ஒரு அக்கா. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பையன்கள். அவரும் கூடைதான் போடுவார், 55 ரூபாய்க்கு. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் அவரிடம் எடுத்துக்கொண்டிருந்தார். என் கூடை விலை எப்படியோ அந்தக் கடைக்காரர் காதுக்குப் போனது. ஒரு நாள் சைக்கிளில் என் வாசலுக்கே வந்து, மாதம் பதினைந்து கூடை தர முடியுமா என்று கேட்டார். நான் உச்சி குளிர்ந்துபோனேன். இராப்பகலாகப் பின்னினேன். விரலெல்லாம் ஒயர் அறுத்து, சாம்பாருக்குப் புளி கரைத்தால் எரியும்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாதியில் இருந்த கூடையை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறது. ஒரு கூடைக்கு எத்தனை நாள் ஆகிறது?"

"சமையல் வேலைக்கு நடுவில் இரண்டு நாள் ஆகும் அக்கா."

"இரண்டு நாளுக்கு ஏழு ரூபாயா தங்கச்சி?"

அவ்வளவுதான் கேட்டார். கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மாதமே பீடி சுற்றப் போனார் என்று கேள்விப்பட்டேன். பீடிக்குக்கூட ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அரசு குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கிறது. கூடைக்கு வைக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். என் பங்கை நான் விட்டுக் கொடுத்தேன், அவருடையதும் சேர்ந்து போயிற்று. அடுத்த தடவை கடைக்காரரிடம் 55 என்றேன். சிரித்தார். 35க்குப் பழகியவர் 38க்கு மேல் ஏறவில்லை. நிறுத்திவிட்டேன். அந்த அக்கா இப்போது ஆற்காட்டில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறாராம். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் போகவில்லை.

உனக்கு மாப்பிள்ளையின் சம்பளம் இருக்கிறது. உன் தெருவிலோ அடுத்த தெருவிலோ அது இல்லாமல் ஆரி சட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவளிடம் போய், "ஓசூரில் ஒரு பெண் 2,800க்கே கல்யாண பிளவுஸ் போட்டுத் தருகிறாள்" என்று யாராவது சொல்வார்கள். உன்னிடம் 2,000 சொன்ன மாதிரியே.

அந்த 2,000 பொய் என்றும் நினைக்காதே. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியாக இருக்கலாம். அதுவும் ஒரு வேலைதான், அதற்கு அந்த விலை சரி. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதுதான் வம்பு. குடியாத்தத்தில் தாத்தா கைத்தறியில் லுங்கி நெய்தார். 1985இல் வந்த சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய ரகங்களில் லுங்கியும் இருந்தது. ஆனாலும் விசைத்தறி லுங்கி பக்கத்திலேயே குறைந்த விலையில் தொங்கியது. வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் கட்டம் போட்ட துணி. கைத்தறி முத்திரை என்று ஒன்று 2006இல்தான் வந்தது; அதற்குள் தாத்தா தறிக்குழியை மண் போட்டு மூடி அந்த இடத்தில் கட்டில் போட்டுவிட்டார். தறி ஓடிய காலத்திலும் கூலி தாத்தா பெயருக்குத்தான். தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்றிய பாட்டிக்கும், விடியற்காலையில் நீளவாட்டு நூலான பாவைப் பிடிக்கத் தெருவில் நின்ற எங்களுக்கும் தனியாக எதுவும் இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்தானே என்று எங்களைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே, யாராவது வேறு இடத்தில் குறைவு என்றால் வாதாடாதே. துணியைத் திருப்பிக் காட்டு. இயந்திரத்தில் போட்டதென்றால் பின்பக்கம் பாபின் நூல் அடைத்துக்கொண்டிருக்கும், துணிக்கு அடியில் வைத்துத் தைத்த ஒட்டுப் பேப்பரின் மிச்சம் விரலில் தட்டும். உன்னுடையதைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்த பிறகும் அதுவே போதும் என்று அவர் போனால் போகட்டும், அவர் காசு.

பணம் உண்மையிலேயே போதாதவர்களும் வருவார்கள். அவர்களுக்கு வேலையைக் குறைத்துக் கொடு, கூலியைக் குறைக்காதே. 2,800தான் முடியும் என்றால் முதுகுப்பக்கத்து மயிலை விட்டுவிட்டுக் கழுத்தோரம் மட்டும் போடு, கையில் ஒரு வரிசை மணி போதும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள். பொருள் வாங்க மாப்பிள்ளையிடம் கை நீட்டாதே. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசையிருந்தால் சும்மாவே கொடு, சீர்வரிசையாக இருக்கட்டும். உன் நாத்தனாருக்கு அரை விலையில் போட்டாயே, அவருக்கும் திருப்தி இல்லை, உனக்கும் இல்லை.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்காதே. போன பொங்கலுக்கு கரிகிரிப் பக்கத்திலிருந்து பானை கொண்டுவந்தவரிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நானே நின்றேன். அவர் பானையை விரலால் சுண்டி ஓசை காட்டிவிட்டு, "அம்மா, சூளையில் வெடித்துப் போனதற்கும் இதுதான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். வாயை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுத்தேன். அதுவரை உடைந்த பானைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நீ பிரித்துப் போட்ட தையலும், முறிந்த ஊசியும், ராத்திரி எரிகிற விளக்கும் அந்த மாதிரிதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், முகம் சுளிக்காதே. சித்தி மகளுக்கு நீ போட்ட பிளவுஸில் ஒரே தடவை கட்டியதும் இடது கையில் ஆறு மணி உதிர்ந்தது. முடிச்சைப் பின்பக்கம் சரியாக இறுக்கவில்லை. அந்த வேலைக்கு 4,500 கேட்டால் நானே உன் பக்கம் பேசமாட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறபோது வேகம் வராது. நாற்பது மணி நேரத்தில் உன் தடுமாற்றத்துக்குப் போனது எத்தனை என்று உனக்குத்தான் தெரியும். அதை வாங்குகிறவர் தலையில் கட்டக் கூடாது. இப்போதைக்கு மணிக்கு 60 என்று வைத்துக்கொள். கை பழகியதும் ஏற்று. அந்த டைரியைக் கொடுத்தனுப்புகிறேன். சட்டத்தின் முன் உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும் எழுது. அடுப்பில் பால் பொங்கி எழுந்து போனதையும் கழித்து எழுது.

இந்த பிளவுஸுக்கு 2,800 என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். அதை மாற்றாதே. சொன்ன டிசைனைச் சொன்னபடி முடித்துக் கொடு.

கண் எரிகிறது என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே. இங்கே வரும்போது ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம். கண்ணாடி போடச் சொன்னால் அந்தச் செலவையும் டைரியில் எழுது. அப்பா முள்ளுக்கத்திரிக்காய் வாங்கி வைத்திருக்கிறார், உன் கையால் எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வரும் காலை பஸ்ஸைப் பிடி, வெயிலுக்கு முன் வந்துவிடலாம்.

தையற்காரரிடம் கொடுப்பதற்கு முன் அந்தத் துணியை இங்கே எடுத்து வா. பின்பக்கம் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா