எடி ராபின்சனைப் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே டாலஸில் மகள் வீட்டில் எல்லோரும் சுகம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

மே மாதம் ரிடையர் ஆவதை நினைத்தால் தூக்கம் வரவில்லை, ஒரே பள்ளியில் பி.டி. மாஸ்டராகவே காலம் ஓடிவிட்டதே என்று எழுதியிருந்தாய். படித்ததும் எடி ராபின்சன் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஞாபகம்தான் வந்தது. மாப்பிள்ளைக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். கூட உட்கார்ந்து பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

லூசியானாவில் கிராம்பிளிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரி. 1941-ல் ராபின்சன் அங்கே கோச்சாகச் சேர்ந்தபோது வயது 22. அதுவரை பேட்டன் ரூஜில் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை. மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது, எல்லாம் அவரே. வெளியூர் ஆட்டத்துக்கு சாண்ட்விச் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். வழியில் ஹோட்டல்காரர்கள் கறுப்பர்களுக்குச் சாப்பாடு தரமாட்டார்கள். முதல் வருடம் 3 வெற்றி, 5 தோல்வி. மறு வருடம் 9 ஆட்டமும் ஜெயித்தார்கள், ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல்!

1997 வரை அதே கல்லூரிதான். மொத்தம் 408 வெற்றி. அலபாமா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோச் பேர் (Bear) பிரையன்ட் வைத்திருந்த 323 வெற்றி என்ற சாதனையை 1985-லேயே தாண்டிவிட்டார். அவரிடம் விளையாடிய 200 பேருக்கு மேல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். ஆனால் என் மனதில் நிற்பது அவருடைய மாட்டு மணி. காலையில் அதை ஆட்டிக்கொண்டே விடுதிக்குள் நடப்பார். பயிற்சிக்கு இல்லையப்பா, பையன்களை வகுப்புக்கு எழுப்ப!

குவார்ட்டர்பேக் என்றால் ஆட்டத்தையே நடத்துகிறவன். அந்த இடத்துக்குக் கறுப்பர்கள் லாயக்கில்லை என்று பெரிய அணிகள் நினைத்த காலம் அது. ராபின்சன் வளர்த்த டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணிக்கு ஆடி, டென்வர் அணியை 42-10 என்று தோற்கடித்து, தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வாங்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் ஆடி அதை ஜெயித்த முதல் கறுப்பர் அவர்தான். 1998-ல் ராபின்சனின் நாற்காலிக்கும் அவரே வந்தார்.

ஒரு வருத்தமும் உண்டு. கடைசி மூன்று வருடம் தோல்விதான் அதிகம். விலகச் சொல்லிச் சுற்றிலும் நெருக்கினார்கள். 1994-லேயே நிறுத்தியிருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதனால் நீயும் மறுநியமனம் அது இது என்று அலையாதே.

விழாத் தேதி முடிவானதும் எழுது. ஏப்ரலில் ஊர் திரும்பிவிடுவேன், கட்டாயம் வருகிறேன். உன்னிடம் ஓடிப் பழகி போலீஸில் சேர்ந்த பையன்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
சுந்தரம்