மூன்று சிலிண்டர் மோகம்

ஆசிரியருக்கு,

பழைய இரட்டை, மூன்று சிலிண்டர் ஸ்கூபா கருவிகளை (நீருக்கடியில் மூச்சுவிட முதுகில் சுமக்கும் காற்றுக் கருவிகளை) புகழ்ந்து வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றைப் பழுதுபார்ப்பவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன்.

புகழ்ச்சியில் பாதி நியாயம்தான். 1943இல் பிரான்சின் கடலாய்வாளர் குஸ்தோவும் பொறியாளர் கான்யானும் உருவாக்கிய அக்வாலங் என்ற மூச்சுக்கருவியின் வழிவந்த இக்கருவிகளில், சிறிய சிலிண்டர்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் இரட்டைக் குழாய் ரெகுலேட்டரின் குமிழிகள் பிடரிக்குப் பின்னால் வெளியேறுவதால் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் சிலிண்டர்களை இணைக்கும் குறுக்குக் குழாயைக் கட்டுரையாளர் கண்டுகொள்ளவே இல்லை. பழையவற்றில் பெரும்பாலும் இடையில் அடைக்கும் வால்வு கிடையாது. ஒரு மூட்டில் ரப்பர் வளையம் நைந்தால் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்தே காலியாகும். பல கருவிகளில் மீதிக் காற்றைக் காட்டும் அழுத்தமானியும் இல்லை. மூச்சு இறுகும்போது பக்கத்துக் கம்பியைக் கீழே இழுத்து, கடைசித் தேவைக்கென ஒதுக்கிய சேமக் காற்றைத் திறக்க வேண்டும். அந்தக் கம்பி எதிலாவது இடித்து முன்பே இறங்கியிருந்தால், சேமக் காற்று தெரியாமலேயே தீர்ந்திருக்கும். கரையேறும்போது அழுத்தும் கனம் தனிக்கதை. அதை இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

சேகரிப்போர் வெளியே குரோம் பூச்சைத் துலக்குமுன் உள்ளே துருவைப் பார்க்கட்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் கழற்றித் தனித்தனியாக நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பாமல், அழுத்தமானியும் பொருத்தாமல் இறங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

— ஸ்கூபா கருவி பழுதுபார்ப்பவர்