"தானா வெளியே வந்துடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவுகளில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

எதையோ விழுங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவரும் பெற்றோரில் பெரும்பாலானவர்களைச் சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எக்ஸ்ரே படம் எடுத்தாயிற்று, பொருள் இரைப்பையில் இருக்கிறது, தானாக வெளியே வந்துவிடும், போய் வாருங்கள் என்கிறோம். அதில் பொய்யில்லை. இரைப்பைவரை இறங்கிய பொருள்களில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வெளியேறிவிடும். அறுவை சிகிச்சைவரை போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் எத்தனை நாளில் வரும், எதைக் கவனிக்க வேண்டும், என்ன ஆனால் அன்றிரவே திரும்பி வர வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் இல்லை. அதனால் ஒரு வீட்டில் சாதாரணக் காசுக்காக ஒரு வாரம் யாரும் தூங்குவதில்லை. இன்னொரு வீட்டில், காத்திருக்கவே கூடாத ஒன்றுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். குழந்தைகளின் செரிமான மருத்துவத்தில் பணிபுரியும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பெற்றோரிடம் விவரமாகச் சொல்லுங்கள், சொன்னதை எழுதியும் கொடுங்கள்.

பெற்றோர் போனில் அழைக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது. குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இரும விடச் சொல்லுங்கள். அந்த இருமலைவிட நல்ல மருத்துவம் அப்போதைக்கு இல்லை. சத்தமே வராமல், மூச்சு இழுக்க முடியாமல் திணறினால்தான் முதலுதவி: ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறப் பிடித்து முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தம்; ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, வயிற்றில் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடக் கூடாது. அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. கூரான பொருள் போன வழியை மறுபடியும் கிழித்துக்கொண்டு வரும், மழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடக்கூடும். கெட்டியாக எதையாவது ஊட்டிக் கீழே தள்ளும் யோசனையையும் அப்போதே தடுத்துவிடுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் நிறைந்த வயிறு ஆபத்து.

திடீரென்று புரைக்கேறியதுபோல் பயங்கரமாக இருமிவிட்டுப் பிறகு அமைதியாகிவிட்ட குழந்தையை நம்பிவிடாதீர்கள். பொருள் மூச்சுக்குழாயின் ஒரு கிளையில் போய் உட்கார்ந்துகொண்டால் சில மணி நேரம், ஏன், சில நாள்கூட அறிகுறி அடங்கியிருக்கும். படமும் சுத்தமாக இருக்கலாம். அந்த முதல் இருமலைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் சொல்தான் அங்கே முக்கியமான தடயம்.

எக்ஸ்ரே பற்றி இரண்டு விஷயம். ஒன்று, கழுத்திலிருந்து இடுப்புவரை முழுவதும், முன்பக்கமும் பக்கவாட்டிலுமாக எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். விழுங்கியது ஒன்றுதானா, இரண்டா, எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு, படத்தில் எதுவும் தெரியாவிட்டால் எதுவும் இல்லை என்று பொருளல்ல. பிளாஸ்டிக், மரம், மெல்லிய மீன் முள், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் ஆகியவை பெரும்பாலும் படத்தில் விழாது. "படம் நல்லாயிருக்குன்னு சொன்னாங்களே" என்று எச்சில் ஒழுகும் குழந்தையோடு இரண்டு நாள் கழித்து வருகிறார்கள் என்றால், முதல் நாளில் நாம் பேசிய பேச்சு அரைகுறை.

விழுங்கியதைப் போன்ற இன்னொரு பொருள் வீட்டில் இருந்தால், அல்லது அது வந்த அட்டை, டப்பா இருந்தால், எடுத்துவரச் சொல்லுங்கள். அளவை ஊகிக்கும் வேலை மிச்சம்.

காசு மிகவும் பரவலான பொருள், பெரும்பாலும் கருணையான பொருளும்கூட. அது சிக்கினால் உணவுக்குழாயின் மேல்முனையில், தொண்டைக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் சிக்கும். அங்கிருந்து எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சில் சத்தம் வந்தால் உடனே எடுத்தாக வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரம் பொறுத்து, மறுபடி படம் எடுத்து முடிவு செய்யலாம். ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு அதற்குள் தானாகவே இரைப்பைக்குள் இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், "ஏன் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்" என்ற கோபம்தான் மிஞ்சும்.

இந்தப் பொறுமையெல்லாம் பட்டன் பேட்டரிக்குக் கிடையாது.

படத்தில் காசும் பேட்டரியும் வட்டம்தான். ஆனால் பேட்டரியின் விளிம்பில் உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம் என இரட்டைக் கோடு தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு படிபோல் விளிம்பு தட்டும். காசு என்று முடிவு கட்டும் முன் ஒவ்வொரு முறையும் இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மிக ஆபத்தானது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி; சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அது கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ரசாயனம் கசிவதால்தான் கெடுதல் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஈரமான சதையினூடே மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின்முனை (நெகட்டிவ்) பக்கம் கடுங்காரம் உருவாகிறது. அதுதான் திசுவைக் கரைக்கிறது. 2 மணி நேரத்தில் ஆழமான புண் ஆகிவிடலாம். பொம்மை ஓடவில்லை என்று கழற்றிப் போட்ட பழைய பேட்டரியிலும் இதைச் செய்யும் அளவுக்கு மின்னழுத்தம் மிச்சமிருக்கும்.

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்ற விதிக்கு இங்கே மட்டும் ஒரு விலக்கு உண்டு. குழந்தைக்கு ஒரு வயது நிரம்பி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மருத்துவமனைக்கு வரும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 தேக்கரண்டி, அதாவது 10 மில்லி தேன் கொடுக்கலாம்; 6 முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேன் வாங்கக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்கவும் கூடாது. தேன் காரத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்; பேட்டரியை எடுப்பதற்கு அது மாற்று அல்ல. மருத்துவமனைக்குள் வந்ததும் அதே வேலைக்கு 10 மில்லியில் 1 கிராம் சுக்ரால்ஃபேட் மருந்து, 10 நிமிட இடைவெளியில் 3 முறை வரை. உணவுக்குழாயில் பேட்டரி என்றால், வயிறு காலியாகட்டும் என்று மயக்க மருந்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

பேட்டரியை எடுத்தவுடன் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நேரத்தில் அடுத்த செய்தியைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். புண் பிறகும் சில நாள் ஆழமாகிக்கொண்டே போகலாம். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழலாம். பெருந்தமனி அரிக்கப்பட்டு, வாரங்கள் கழித்துக்கூட ரத்தம் கொட்டலாம். அதற்கு முன்னறிவிப்பாகச் சிறிது ரத்த வாந்தியோ கறுத்த மலமோ வருவதுண்டு. ஒரு சொட்டு என்றாலும் உடனே வரச் சொல்லுங்கள், உங்கள் மருத்துவமனையில் பேட்டரி எடுத்த விவரத்தையும் எந்தத் தேதியில் என்பதையும் வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். பால் குடிக்கும்போது இருமல், குரல் கரகரப்பு, சில வாரத்தில் கெட்டியான உணவு இறங்காமல் போவது ஆகியவையும் திரும்பி வரக் காரணங்கள்.

யாரும் பார்க்காமல் விழுங்கிய பேட்டரி இன்னும் கொடியது. சளி, தொண்டை வலி, கரகரத்த இருமல் என்று அது வேஷம் போடும். சாப்பிட மறுத்து, எச்சில் வழிந்து, நாம் கொடுத்த மருந்துக்கு அடங்காத "சளி"க்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது காந்தம். ஒன்று மட்டும் போனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. இரண்டு போனால், அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் வெவ்வேறு நேரத்தில் போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்குள் தனித்தனியாக இருந்தபடி ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவே நசுங்கும் குடல்சுவர் ரத்த ஓட்டம் இல்லாமல் செத்து ஓட்டையாகும். ஆரம்பத்தில் குழந்தைக்கு இருப்பது சாதாரண வயிற்றுவலியும் வாந்தியும்தான். ஏதோ சேராததைச் சாப்பிட்டது என்று நினைத்துவிடுவோம். படத்தில் ஒட்டிக்கொண்ட பல காந்த மணிகள் ஒன்றாகவே தெரியலாம், ஆகவே பக்கவாட்டுப் படத்தைத் தவிர்க்க வேண்டாம். ஒன்றுக்கு மேல் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே கிடையாது: எட்டுகிற இடத்தில் இருந்தால் எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு, எடுப்பது, தாண்டிவிட்டால் மருத்துவமனையிலேயே வைத்து 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு படம், நகரவில்லை என்றால் அறுவை மருத்துவர். ஒற்றைக் காந்தத்தோடு வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு உலோகப் பட்டன், பெல்ட் கொக்கி இல்லாத உடை; வீட்டிலுள்ள மற்ற காந்தங்கள் அனைத்தும் கைக்கெட்டாத இடத்துக்கு.

திறந்த ஊக்கு, ஊசி போன்றவை உணவுக்குழாயில் இருந்தால் அவசரம். இரைப்பையில் இருந்தாலும் எட்டுகிறபோதே எடுத்துவிடுவது நல்லது. 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானது இரைப்பையின் கீழ்வாயைத் தாண்டுவது கடினம், 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது முன்சிறுகுடலின் வளைவில் திரும்பாது. சின்னக் குழந்தைக்கு இந்த அளவுகள் இன்னும் குறையும். ஈயக் குண்டு இரைப்பை அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

எண்டோஸ்கோப்பி என்றதும் பெற்றோர் வயிற்றைக் கிழிப்பார்களோ என்று பயப்படுகிறார்கள். முழு மயக்கம், மூச்சுக்குழாயில் ஒரு குழாய், வாய் வழியாகக் கேமரா, வெட்டு எதுவும் இல்லை, சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் அன்றே வீடு, ஒரு நாள் தொண்டை கரகரப்பு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

மற்றபடி, காசு, பாசிமணி, மழுங்கிய சிறு பொம்மைத் துண்டு என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 நாளில் வரும், சிலருக்கு 4 வாரம்வரை ஆகலாம். வழக்கமான சாப்பாடு, வழக்கமான விளையாட்டு. பேதி மருந்து வேண்டாம். மலத்தைப் பார்க்க விரும்பினால் பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியிலிருந்து நசுக்கிப் பார்க்கலாம். ஆனால் கண்ணில் படாமல் போவதும் சகஜம் என்பதால் பீதி வேண்டாம், படத்தில் தெரிந்த பொருள் 2 வாரத்தில் கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு படம் போதும். வாந்தி நிற்காமை, பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிக் கல்லாதல், கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், எச்சில் வழிதல், சாப்பிட மறுத்தல், மூச்சில் சத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஐந்து வரி இருக்கட்டும்: என்ன பொருள், கடைசியாகப் படத்தில் எங்கே இருந்தது, அடுத்த படம் எந்தத் தேதியில், எந்த அறிகுறி வந்தால் வர வேண்டும், நள்ளிரவில் என்றால் எந்த வாசலுக்கு வந்து யாரைக் கேட்க வேண்டும். அச்சடித்த தாளில் பொருளையும் தேதியையும் மட்டும் கையால் நிரப்பினாலும் போதும். வாசிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் ஒருவர் வாசித்துக் காட்டி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளின் செரிமான மருத்துவத்தில் பணிபுரிவோர்