அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வாக்கியம்

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானை நிறுவிய ஐந்து நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் நீங்கள் எங்கள் கோலாலம்பூரில் கூடியிருந்த அதே வாரம், பாரிஸில் யுனெஸ்கோ கம்போடியாவில் கெமர் ரூஜ் இயக்கம் ஆட்களைச் சித்திரவதை செய்து கொன்ற துவோல் ஸ்லெங் சிறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னைப் பிடித்தது. நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் ஓடினார், வியட்நாம் ஆதரவோடு ஹெங் சாம்ரின் ஆட்சிக்கு வந்தார். இரண்டும் கம்யூனிஸ்ட் அரசுகள்தான். அயல்படை உட்கார வைத்த அரசை ஏற்றுக்கொண்டால் நாளை நம் கதி என்ன என்று பயந்தீர்கள். சின்ன நாடுகளின் பயம் அது, கேலி செய்யமாட்டேன். ஆனால் அதற்காக ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியைக் கெமர் ரூஜிடமே விட்டுவைக்க ஆள் திரட்டினீர்களே! அந்தச் செப்டம்பரில் 71 நாடுகள் அதற்குக் கை தூக்கின.

போல் பாட் காலத்தில், வெளிநாட்டிலிருந்த கம்போடிய மாணவர்களையும் பொறியாளர்களையும் தூதரக ஊழியர்களையும் நாட்டைக் கட்டியெழுப்ப வரச்சொல்லி அழைத்தார்கள். நம்பி, பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பலர் போய்ச் சேர்ந்த இடம் துவோல் ஸ்லெங். அன்றைய வெளியுறவு அமைச்சர் இயெங் சாரி. அப்படி வந்து காணாமல்போன ஒருவரின் மனைவி 1980-ல் புனோம் பென்னில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறாள் என்று வையுங்கள். நியூயார்க்கில் அவள் பெயரால் பேசியது யார்? அதே இயெங் சாரியின் ஆட்கள். பசிக்கு அவசர உதவி வந்தது. பள்ளியும் பாலமும் கட்ட ஐ.நா.வின் வளர்ச்சி உதவி வரவில்லை, ஏனென்றால் ஐ.நா. கணக்கில் அவளை ஆண்ட அரசு அரசே இல்லை.

வேறு வழி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே 1979-ல் ஹவானாவில் அணிசேரா நாடுகள் கம்போடியாவின் இடத்தைக் காலியாக விட்டன. பிரிட்டன் போல் பாட் அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கியது, 1981-ல் ஆஸ்திரேலியாவும் விலக்கியது. இருவருமே ஹெங் சாம்ரினை ஏற்கவில்லை. 1980-ல் இந்தியா ஏற்றது. உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே. மலேசியாவின் குவாந்தான் நகரில் நடந்த சந்திப்பில் மலேசியாவும் இந்தோனேசியாவும் வியட்நாமின் கவலையையும் கேட்கலாம் என்றபோது தாய்லாந்து ஒப்பவில்லை. கடைசியில் 1982-ல் கெமர் ரூஜும் சேர்ந்த, வியட்நாமை எதிர்த்த கம்போடியக் குழுக்களின் கூட்டணிக்குக் கையெழுத்து எங்கள் ஊரிலேயே ஆனது.

1979 வாக்கெடுப்பின்போது சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். நம்மவர் என்று பெருமைப்படும் நாமும் இந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

சரி, இப்போது பாருங்கள். 2021-ல் மியன்மார் ராணுவத் தலைவரை உச்சிமாநாட்டுக்கு அழைக்காமல் அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள். நல்ல வேலை. இந்த வித்தையைக் கற்க 42 வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். தீர்மானம், ஆழ்ந்த கவலை, விருந்து, குழுப்படம் என்று உங்கள் கூட்டங்கள்… வேண்டாம், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த கூட்டறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: அந்த நாற்காலியைக் கொலைகாரர்களிடம் விட்டதற்கு வருந்துகிறோம் என்று. வியட்நாம் படையெடுப்பைப் பற்றிய உங்கள் கருத்தை மாற்றச் சொல்லவில்லை. வருத்தம் மட்டும்தான். 1999 முதல் கம்போடிய அமைச்சரும் அதே மேசையில்தான் உட்கார்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோலாலம்பூர்வாசி ஒருவன்