மருத்துவச் சீட்டில் இல்லாத இயலாமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும், அதைக் கொண்டு பெறக்கூடிய பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கும் இடத்தில் படுகிற பாட்டைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். என் அண்ணனுக்கு நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். அவருடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு அலைந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். எந்த மருத்துவமனை, எந்த அலுவலகம் என்று குறிப்பிடப் போவதில்லை. அங்கிருந்த எவரும் எங்களிடம் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. கேட்கப்படுகிற காகிதம் ஒன்றாகவும், முடிவெடுக்கத் தேவைப்படுகிற செய்தி வேறொன்றாகவும் இருப்பதுதான் என் குறை.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அந்தப் பட்டியலை 21 ஆக விரித்தபோது, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் போன்று, பார்த்த மாத்திரத்தில் தெரியாத, ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிற நோய்களும் அதற்குள் வந்தன. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பராமரிப்பு உதவித்தொகை இவர்களுக்கும் உண்டு. ஆனால் பட்டியலில் நோயின் பெயர் இருப்பதாலேயே எவருக்கும் எதுவும் கிடைத்துவிடாது. மருத்துவக் குழு நேரில் பார்த்து, பாதிப்பு இத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த எண் 40-ஐத் தொட வேண்டும். அந்த எண் குறிப்பது நோயின் பெயரை அன்று, அந்த நோயால் ஒருவர் எவ்வளவு செயலிழந்திருக்கிறார் என்பதை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் கையில் இருக்கும் வெளிநோயாளர் சீட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும், ஸ்கேன் அறிக்கையும் சிகிச்சைக்காக எழுதப்பட்டவை. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வேளை என்பது அவற்றில் இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, படுக்கையில் புரண்டு படுக்க முடிகிறதா என்பது இருக்காது. ஒரு முறை நிமோனியா காய்ச்சலுக்காக அண்ணன் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியபோது தரப்பட்ட சம்மரியின் கடைசி வரி, 'நிலைமை சீராக உள்ளது, பழைய மருந்துகளைத் தொடரவும்' என்பது. எழுதியவர் காய்ச்சலைப் பற்றி எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே வரியை மதிப்பீட்டு நாளில் படித்தவர், சீராகத்தானே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்கேன் கதை இதைவிட வேடிக்கை. கடன் வாங்கி எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பதால் அதன் அறிக்கையைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருந்தோம். பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாது; மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அது எடுக்கப்படுகிறது; நோயை மருத்துவர் கண்டறிவது நடையையும், கை கால் இறுக்கத்தையும், அசைவின் மந்தத்தையும் பார்த்துத்தான். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுதானே போட்டிருக்கு?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டபோது, நாங்களே கொண்டுவந்து கொடுத்த காகிதம் எங்களுக்கு எதிராகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்தது மாத்திரை. இந்நோய்க்கான முதன்மை மருந்து லெவோடோபா. அது வேலை செய்யும் நேரத்தில் அண்ணன் தாமாகவே எழுந்து நடப்பார், முகத்தில் சிரிப்புகூடத் தெரியும். வேகம் குறைந்துவிட்டால் கதவு நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் அப்படியே நின்றுவிடுவார். நோய் முற்ற முற்ற, ஒரு வேளை மாத்திரை தாங்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். மருத்துவக் குழுவின் முன்னால் போகிறோம், தடுமாறி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையில், உள்ளே கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரையைக் கொடுத்தது நான்தான். அவர் நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். பார்த்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள்: 40-க்கும் கீழே ஓர் எண். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் முகாமில், மற்ற இருபது மணி நேரம் இவர் எப்படி இருக்கிறார் என்று யார் கேட்க முடியும்? அதைக் காகிதம்தான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் காகிதம் எங்களிடம் இல்லை.

கையொப்ப விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அண்ணன் முப்பது ஆண்டுக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவர். கணினி வருவதற்கு முன்பு முத்திரைத்தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதிய கை அது. எழுதத் தொடங்கிய சிறிது நேரத்தில் எழுத்து சிறுத்துக்கொண்டே போவது பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளில் ஒன்று. இன்று அவர் கையொப்பமிட்டால் முதல் எழுத்து ஒருவாறு தெரியும், மூன்றாவது எழுத்துக்கு வரும்போது அது வெறும் கோடாகிவிடும். உதவித்தொகை விண்ணப்பத்தில் இட்ட கையொப்பம் வங்கிப் பாஸ்புத்தகத்தில் உள்ள பழைய கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இடது பெருவிரல் ரேகை வைத்து, அதற்குச் சாட்சியாக இருவர் கையொப்பமிட்டு மறுபடியும் கொடுத்தோம். வேலை முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கையொப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவான மருத்துவ ஆவணம் வேறெது இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத் தவறு என்று திருப்பிவிட்டார்கள். பத்திர எழுத்தர் ஒருவர் கைநாட்டு வைத்துவிட்டு அந்த மையைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை.

காகிதத்தைப் பாதுகாக்கிறோம் என்று நாம் செய்யும் தவறுகளும் உண்டு. பழைய சம்மரியை லேமினேட் செய்து வைத்திருந்தோம். அதன் மேல் மருத்துவமனை முத்திரை வைக்க முடியவில்லை. வழவழப்பான தாளில் அச்சான சில பரிசோதனைச் சீட்டுகள் ஓராண்டில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிட்டன. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் சான்றிதழ் வழங்குவது நாடு முழுவதும் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாகவே என்று ஆகிவிட்டதால், கைப்பேசியில் படமெடுத்து ஏற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. நிழல் விழுந்த படம், பாதி வெட்டுப்பட்ட முத்திரை, அளவு அதிகம் என்று தள்ளப்படும் கோப்பு என்று ஒரு பிற்பகலே போய்விடும்.

விதிகளைப் பார்த்தால், விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்வது மிகக் குறைவுதான். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி அடையாளச் சான்று, ஆறு மாதத்துக்கு உட்பட்ட புகைப்படம், ஆதார் ஆகியவைதான் முதன்மையானவை. நடைமுறையில் எல்லா மருத்துவச் சீட்டுகளும் கேட்கப்படுகின்றன, கேட்பதும் நியாயமே. ஆனால் எது வேண்டும் என்பது ஒரே முறையில் சொல்லப்படுவதில்லை. முதல் நாள் ஒன்று குறைகிறது, அடுத்த வாரம் இன்னொன்று குறைகிறது. எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாரோ அதே மருத்துவமனையின் பதிவேட்டில் உள்ள விவரத்தை, அதே வளாகத்தில் உட்காரும் குழுவிடம் காட்டுவதற்காக நோயாளியே போய்ப் பிரதி வாங்கி வரவேண்டியிருக்கிறது. ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு ஒரு தாளைக் கொண்டுசெல்லும் வேலையை, நடக்க முடியாதவர் என்று சான்று கேட்டு வந்திருப்பவரிடம் ஒப்படைப்பது என்ன முறை?

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு விதிகள் சான்றிதழ் தர ஒரு மாதம் கொடுத்திருந்தன. 2024 திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்கப்படாத விண்ணப்பம் செயலிழந்துவிடும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. தாமதம் யாருடையதாக இருந்தாலும் சுமை விண்ணப்பித்தவர் தலையில் என்றாகிறது. ஆவணங்கள் எல்லாம் எந்த நாளில் வந்து சேர்ந்தன என்று கேட்டால் அதற்கும் பதில் காகிதத்தில் இல்லை. இணையத்தில் பதிந்ததற்குப் பதிவு எண் வருகிறது. பின்னர் கேட்டுக் கேட்டு நேரில் கொடுக்கிற மருத்துவ ஆவணங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டும் தரப்படுவதில்லை. 'ஆவணம் போதவில்லை' என்று நான்கு மாதம் கழித்துச் சொல்லப்பட்டபோது, கொடுத்தோம் என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

குறைந்த எண்ணை எழுதியதற்கான காரணமும் வாய்மொழியாகவே சொல்லப்பட்டது. சான்றளித்தவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு வழி கொடுக்கிறது. எதை மறுத்து மேல்முறையீட்டு மனு எழுதுவது என்று தெரிய வேண்டாமா? விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று விதி இருக்கிறது; 40-க்குக் கீழே எழுதப்படும் சான்றிதழுக்கும் இரண்டு வரிக் காரணம் சேர்ப்பது பெரிய வேலையாக இருக்காது.

இரண்டாம் முறை எங்களுக்கு உதவியது ஒரே ஒரு பக்கம். அண்ணனைத் தொடர்ந்து பார்த்துவரும் நரம்பியல் மருத்துவரிடம் போய், நோயின் பெயரை மட்டும் எழுதாமல் அவரால் என்னென்ன முடியவில்லை என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டோம். அவர் எங்களையே ஒரு வாரத்துக்குக் குறித்துவரச் சொன்னார். அதைச் சரிபார்த்துத் தம் கடிதத்தாளில் பத்து வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். மாத்திரை ஒரு வேளைக்கு எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ஒரு மாதத்தில் எத்தனை முறை விழுந்தார், குளிக்கவும் உடுத்தவும் ஆள் வேண்டுமா, மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் தனியே எழுந்து நிற்க முடிகிறதா என்பவை அதில் இருந்தன. மருத்துவக் குழுவினர் அதைப் படித்தார்கள், அண்ணனைக் கேள்வி கேட்டார்கள், சிறிது நேரம் வெளியே உட்கார வைத்து மறுபடியும் அழைத்துப் பார்த்தார்கள். அதே நோய், அதே மனிதர். எண் 40-ஐத் தாண்டியது.

அந்தப் பத்து வரிகளை ஏன் ஒரு படிவமாக அச்சிட்டு விண்ணப்பத்தோடு தரக்கூடாது என்பதே அரசிடம் என் கேள்வி. குடும்பத்தினர் தமிழில் நிரப்பி, சிகிச்சை தரும் மருத்துவர் சரிபார்த்துக் கையொப்பமிடும்படி ஒரு பக்கம் போதும். ஏறி இறங்கும் நோயுள்ளவர் கடைசியாக எப்போது மாத்திரை போட்டார் என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கட்டும். பெற்றுக்கொண்ட தாள்களின் எண்ணிக்கையைத் தேதியோடு குறித்து ஒரு ரசீது கிழித்துக் கொடுக்கட்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

அண்ணனுக்குக் கிடைத்திருப்பது ஐந்தாண்டுக்கான தற்காலிகச் சான்றிதழ். பாதிப்பின் அளவு மாற வாய்ப்பிருந்தால் காலவரையோடுதான் தருவார்கள் என்பது விதி. இந்நோயில் அந்த அளவு மாறுவது உண்மைதான், ஏறுமுகமாக மட்டும் மாறும். எனவே மீண்டும் போகவேண்டியிருக்கும் என்று தெரிந்து, அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். 'காலை 7 மணி மாத்திரை. 7.50-க்கு எழுந்தார். 10.30-க்குக் குளியலறை வாசலில் நின்றுவிட்டார், பத்து நிமிடம்.' இந்த நோட்டை வாங்கிப் பார்க்க இப்போதைக்கு எந்தக் கவுண்டரிலும் ஏற்பாடு இல்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்